ஆழித்தடத்து மீன்களின் இரையும் வேலாச்சியின் வலக்கையும்

நலம் பெருகுக. மலைநாட்டில் மழையும் கடல்நாட்டில் மீனும் குறையாதிருக்க. ஏழு குன்றுக்கும் இரண்டு பேராற்றுக்கும் உடையவரும், பொன்மாடபுரத்து அரியணையில் வீற்றிருந்து மாடநாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவருமான திருநெடுங்கோ தேவரின் வலப்பக்கத்தில் அமர்ந்து, தேவர் நினைத்து முடிப்பதற்குள் அதைக் கட்டளையாக்கி நாலு திசைக்கும் அனுப்பிவிடும் வல்லமை படைத்த பேரமைச்சர் கங்காளராயர் அவர்களின் திருமுன்புக்கு, நான்கு துறைக்கும் மூன்று தீவுக்கும் உரியவரும், தேவரின் வெண்குடைக்குக் கீழே தமக்கென்று ஒரு வெண்குடை பெற்றவருமான திரைமுக நாட்டு அரசி பவழநங்கை நாச்சியார் விடுக்கும் ஓலை.

இதை நாச்சியார் சொல்லச் சொல்ல எழுதியவன் ஓலைநாயகம் அருளாளன். சொற்களில் பணிவு குறைந்து தோன்றுமாயின் அதை எழுத்தாணியின் குற்றமாகக் கொள்ள வேண்டாம். எழுதியவன் பணிவான சொற்களைக் கோத்து இரண்டு முறை எழுதிக் காட்டினான். இரண்டு முறையும் நாச்சியார் அந்த ஏட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். மூன்றாம் ஏட்டை எடுக்கும்போது, வணக்கத்தை முதல் பத்தியோடு முடித்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. ஆகவே வணக்கம் முடிந்தது.

சென்ற வளர்பிறை ஏழாம் நாள் தங்கள் கட்டளை ஓலை படைத்தலைவர் மழவரையர் கையால் வந்து சேர்ந்தது. அதில் கண்ட செய்தி இது. அரண்மனைப் பூங்காவில் கடல்நீர் நிரப்பிய ஆழித்தடத்து மீன்களுக்குக் காவலாக அனுப்பப்பட்ட, முத்துக்குளிக்கும் குடியைச் சேர்ந்த வேலாச்சி என்பவள், தேவரின் அன்னத்தை மீன்களுக்கு மறுத்தாள் என்றும், பாசியும் பூச்சியும் இட்டு வஞ்சனை செய்தாள் என்றும், அதனால் ஒன்பது மீன் மாண்டது என்றும், திரைவென்றான் என்று தேவரே பட்டம் சூட்டிய மஞ்சள் ஓராமீனைக் களவாடிக்கொண்டு திரைமுக நாட்டுக்கு ஓடிவிட்டாள் என்றும் கண்டிருக்கிறது. ஆகையால் அவளுடைய வலக்கையை மணிக்கட்டோடு வெட்டி, உப்பிட்ட பெட்டியில் வைத்து, பதினைந்து நாளுக்குள் பொன்மாடபுரத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் நாச்சியாரின் வெண்குடையும் முரசும் பறிக்கப்படும் என்றும் கட்டளை.

அனுப்ப முடியாது. இந்த ஓலையின் சாரம் இவ்வளவுதான். அவசர வேலை இருப்பின் பேரமைச்சர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மறுப்பின் காரணத்தைத் தேவர் முழுவதும் கேட்க வேண்டும் என்பது நாச்சியாரின் விருப்பம் ஆதலால், நடந்தது நடந்தபடியே கீழே எழுதப்படுகிறது.

தேவருக்கு ஆண்மகவு பிறந்த மகிழ்ச்சியில், திரைமுக நாட்டின் பரிசாகக் கடல்மீன் நாற்பது அனுப்புவது என்று நாச்சியார் எண்ணியபோது, மீன்களோடு போக ஐந்து ஏடுகள் எழுதப்பட்டன. முதல் ஏட்டில் மீன்களின் பெயர். இரண்டாவதில் நீரை எந்த நாளில் மாற்றுவது. மூன்றாவதில் உப்பின் அளவு. நான்காவதில் வெயிலும் நிழலும். ஐந்தாவது ஏடு இரையைப் பற்றியது. எந்த மீனுக்கு எந்த இரை, எவ்வளவு, எத்தனை வேளை என்று வேலாச்சி சொல்ல, இதே அருளாளன் எழுதினான்.

பொன்மாடபுரத்து அரண்மனையில் ஒரு முறைமை உண்டென்பது நாடறிந்தது. மதிலுக்குள் மூச்சுவிடும் எந்த உயிரும் அரசரின் மடைப்பள்ளிச் சோற்றையே உண்ண வேண்டும். பட்டத்து யானைக்கும் அதே சோறு, வேட்டை நாய்க்கும் அதே சோறு, கூண்டுக் கிளிக்கும் அதே சோறு. அந்தச் சோற்றைத் தின்றது அரசருடையது, தின்னாதது அயலானுடையது. அம்மடைப்பள்ளிக்கு இன்ன உணவு சமைக்கவும் என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதுவது, அரசர் உண்பதில் குறை சொல்வதற்கு ஒப்பாகும். இதை நாச்சியார் நன்றாக அறிவார். அறிந்ததால், பரிசுப் பேழையை மூடும் முன்பு ஐந்தாவது ஏட்டைத் தம் கையாலேயே உருவி எடுத்துவிட்டார்.

அப்படிச் செய்யும்படி எந்த மந்திரியும் அவருக்குச் சொல்லவில்லை. அரண்மனையின் மனம் கோணுமோ என்று அவரே அஞ்சினார். ஏட்டை உருவிவிட்டு வேலாச்சியை அழைத்து, அங்கே போய்ப் பக்குவமாக வாயால் சொல்லிக்கொள் என்றார். ஒரு நாட்டை ஆளும் தாம் எழுத அஞ்சிய சொல்லை, கடலில் மூழ்கிப் பிழைக்கும் ஒரு பெண் அரண்மனையில் நின்று சொல்லட்டும் என்று அனுப்பினார்.  இந்த இடத்துக்கு வந்ததும் நாச்சியார், வெட்கமாக இருக்கிறது என்று எழுது என்றார். எழுதப்பட்டது.

இனி ஆழித்தடத்தில் நடந்தவை. இவை வேலாச்சி வாயால் கேட்டவை. கடல்நீர் வண்டி ஓட்டுவோர் அறுவரைத் தனித்தனியே நிறுத்திக் கேட்டுச் சரிபார்க்கப்பட்டவை.

மீன்கள் வந்து இறங்கிய நாளன்று பெருமடை நாயகம் சாத்தனார் வெள்ளித் தட்டில் நெய்யன்னம் கொண்டுவந்து தடத்தில் தூவினார். மீன்கள் மேலே வந்து தின்றன. அரசவையே கைகொட்டிச் சிரித்தது. அன்று முதல் வேளைக்கு மூன்று தட்டு அன்னம். விழா நாட்களில் பாலும் வெல்லமும் கூட்டிய அக்காரவடிசில். கலவாமீன் புலால் உண்பது என்று யாரோ சொல்ல, அதற்கு அரண்மனைக் குளத்துக் கெண்டையும் ஆட்டுக் கொழுப்பும். பார்க்க வந்த உறவினரும் தூதரும் ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள். போட்டதெல்லாம் தின்னும் மீனைப் பார்ப்பதில் பெரிய மனிதர்களுக்கு இத்தனை இன்பம் இருக்கும் என்று வேலாச்சி எண்ணியிருக்கவில்லை.

அவள் சாத்தனாரிடம் மூன்று முறை போய் நின்றாள். பக்குவமாகத்தான் சொன்னாள். மூன்றாம் முறை அவர் சொன்ன மறுமொழியை வண்டிக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். தேவர் உண்ணும் அன்னத்தைக் காட்டிலும் மேலான உணவை ஒரு மீன் விரும்புமாயின் அது அந்த மீனின் செருக்கே என்றும், செருக்கைத் திருத்துவது மடைப்பள்ளியின் கடமை என்றும் அவர் உரைத்தாராம். சாத்தனார் சமைக்கும் சோற்றில் குறை சொல்ல நாச்சியாருக்கு நாக்கு வராது. பொன்மாடபுரம் வரும்போதெல்லாம் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டவர் அவர். ஆனால் நாச்சியார் மீன் அல்லர்.

முதலில் மாண்டவை கடற்குதிரைகள். அவற்றுக்கு அசையும் இரை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். உயிரோடு துள்ளும் பொடி இறால் கண்முன் வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். அசையாத சோற்றுப் பருக்கை மலையாய்க் குவிந்தாலும் அது அவற்றுக்கு இரை அல்ல. தட்டுத் தட்டாய் அன்னம் கொட்டிய தடத்தில் அவை ஐந்தும் பட்டினியால் செத்தன. அடுத்து நீரின் மேலே நெய்யாடை படர்ந்தது. தின்றது போக எஞ்சிய சோறு அடிமணலில் ஊறி, பருத்து, புளித்து நாறியது. கிளாத்தி மீனுக்குப் பல் நாள்தோறும் வளரும். சிப்பியையும் நண்டோட்டையும் கடித்துத் தேய்த்தால்தான் அளவில் நிற்கும். சோற்றைக் கடித்துப் பல் தேயுமா? பல் நீண்டு வாய் மூட முடியாமல் மூன்று கிளாத்திகள் இரையைப் பார்த்துக்கொண்டே செத்தன. கலவா ஊதிப் பெருத்தது. அரண்மனை அதைக் கொழுத்த மீன் என்று மெச்சியது. அது செத்த பிறகு வேலாச்சி அறுத்துப் பார்த்தாள். ஈரல் வெளுத்து, வெண்ணெய் போல விரலில் ஒட்டியது. நிலத்தில் பிறந்த விலங்கின் கொழுப்பு கடல்மீனின் உடம்பில் கரையாமல் உறைந்து கிடப்பதை அவள் கண்ணாரக் கண்டாள். அந்த ஈரலை ஓர் இலையில் வைத்துச் சாத்தனாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மடைப்பள்ளி வாசலைத் தீட்டுப்படுத்தினாள் என்று அவளை மூன்று நாள் வெயிலில் நிறுத்தினார்கள்.

கட்டளை ஓலையில் மாண்டதாகச் சொல்லப்பட்ட ஒன்பது மீன்களும் இவைதாம். ஒன்பதும் அரசர் அன்னத்தை உண்டும் உண்ண முடியாமலும் செத்தவை. வேலாச்சி பாசி இடத் தொடங்கியது அதற்குப் பிறகு. கங்காளராயர் அவர்கள் நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

வெயிலில் நின்று மீண்டபின் அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கடல்நீர் கொண்டுவரும் வண்டிக்காரர்களிடம் சொல்லி அனுப்பினாள். அவர்கள் தோல்பைகளுக்குள் நீரோடு நீராகப் பாசி படர்ந்த கற்களையும், மட்டியையும், சிறு நண்டையும், உப்பளத்துப் பொடி இறாலையும் கொண்டுவந்தார்கள். மடைப்பள்ளி ஆட்கள் சோற்றைத் தூவிவிட்டுப் போனதும், அவள் சிறுவலையால் பருக்கைகளை அரித்தெடுத்துவிட்டு, அந்தந்த மீனுக்கு உரியதை இட்டாள். இருபது நாளில் தடத்து நீர் தெளிந்தது. வெளுத்துப் போயிருந்த வண்ணாத்தி மீன்களின் வரிகள் திரும்பின. தேவர் வந்து பார்த்து, நெய்யன்னத்தின் சிறப்பே சிறப்பு என்று சாத்தனாருக்குப் பட்டுப் போர்த்தினார் என்று கேள்வி.

இளவரசரின் பெயர்சூட்டு விழாவன்று, நடுப்பகலில், அவள் சோற்றை அரித்து எருக்குழியில் கொட்டுவதை ஒரு பணிப்பெண் பார்த்துவிட்டாள். ஆகவே உண்மையான குற்றம் என்னவென்று நாச்சியாருக்கும் தெரியும், பேரமைச்சருக்கும் தெரியும். வஞ்சனையும் அல்ல, மீன் மாண்டதும் அல்ல. அரசர் சோற்றைக் குப்பையில் போட்டது ஒரு கை. அதனால்தான் தலையைக் கேட்காமல் கையைக் கேட்கிறீர்கள்.

காவலர் தன்னைத் தேடுவதை அறிந்ததும் அவள் தப்பி ஓடினாள், அது மெய். ஓராமீனை எடுத்துக்கொண்டு ஓடினாள், அதுவும் மெய். ஏன் எடுத்தாய் என்று நாச்சியார் கேட்டதற்கு அவள் சொன்னதை, திருத்தாமல் அப்படியே எழுதும்படி உத்தரவு.

“எல்லாத்தையும் தூக்கிட்டு வர ஏலாதே தாயே. மத்ததெல்லாம் தேறி வந்துட்டு இருந்துச்சு. இது மட்டும் தேறல. இது பாசி திங்கிற சாதி; சோறு தின்னு தின்னு வயிறு உப்பி, முதுகு ஒட்டிப்போய், பக்கவாட்டுல சாஞ்சு கெடந்துச்சு. நான் இல்லன்னா ரெண்டு நாள்ல செத்துரும். செத்தா அதுவும் எம்மேலதான் விழும். அதான் தூக்கிட்டேன்.”

காலித் தோல்பைகளுக்கு நடுவே, அகன்ற மண்சாலில் மீனை வைத்துக்கொண்டு அவள் மூன்று நாள் வண்டியில் வந்தாள். நின்ற நீரில் மீன் மூச்சுமுட்டிச் சாகும் ஆதலால், மூன்று நாளும் வலக்கையால் நீரை அலைத்துக்கொண்டே வந்தாள். உண்ணும்போது இடக்கையால் அலைத்தாள். திரைமுகக் கோட்டை வாசலில் இறங்கியபோது அந்தக் கையின் தோல் ஊறி வெளுத்து, விரல்களை மடக்க முடியாமல் இருந்தது. நாச்சியார் அந்தக் கையைத் தம் மடியில் வைத்து எண்ணெய் தடவினார். தாங்கள் உப்பிட்ட பெட்டியில் கேட்கும் கை இதுதான்.

படைத்தலைவர் மழவரையர் நேர்மையான மனிதர். கட்டளையைப் படித்துக் காட்டிய பிறகு, களவாடிய மீனைக் காட்ட வேண்டும் என்று முறைப்படி கேட்டார். கோட்டையின் கீழை முற்றத்துத் தொட்டிக்கு நாச்சியாரே அவரை அழைத்துச் சென்றார். ஒரு மண்டலம் பாசி தின்ற ஓரா, மஞ்சள் மின்ன, முதுகு நிரம்பி, கல்லுக்குக் கல் தாவிக் கொறித்துக்கொண்டிருந்தது. திரைவென்றான் என்ற பட்டத்துக்கு இப்போதுதான் சற்றுப் பொருத்தமாக இருந்தது.

மழவரையர் தம் வழிச்சோற்று மூட்டையைப் பிரித்தார். அதில் மடைப்பள்ளி கட்டிக்கொடுத்த நெய்யன்னம் மிச்சம் இருந்தது. ஒரு கவளம் எடுத்து நீரில் இட்டார். உண்மையை மறைப்பது இந்த ஓலையின் நோக்கம் அன்று: ஓரா பாசியை விட்டுவிட்டு மேலே பாய்ந்து வந்து அந்தச் சோற்றை விழுங்கியது. விழுங்கிவிட்டு இன்னும் உண்டா என்று அவர் விரலைச் சுற்றியது.  மீன் தானே விரும்பி உண்ணும் உணவை அதற்கு மறுத்தது எப்படி நியாயமாகும் என்று படைத்தலைவர் வினவினார். கேள்வி சரியான கேள்விதான்.

அதற்கு வேலாச்சிதான் விடை சொன்னாள். கையை வெட்ட வந்தவரிடம் அவள் பேசிய விதத்தில் ஓர் அச்சமும் இல்லை.

“திங்கும் ஐயா. எதைப் போட்டாலும் திங்கும். கடல்ல இதுக்கு நெனச்ச நேரத்துக்கு எர கெடைக்காது, அதனால கண்டதை விழுங்கிரணும்னு பொறந்ததுலேர்ந்து பழக்கம். பிள்ளை மண்ணைத் திங்குதுன்னு மண்ணையா ஆக்கிப் போடுறோம்? திங்கிறது ஒண்ணு, ஒடம்புல ஒட்டுறது ஒண்ணு. எது ஒட்டும்னு பாத்துப் போடத்தானே கூட ஒரு ஆள அனுப்புறது?”

படைத்தலைவர் எஞ்சிய சோற்றை மூட்டையில் கட்டிக்கொண்டார். தாம் கட்டளையைச் சுமந்து வந்தவரே அன்றி அதை எழுதியவர் அல்லர் என்றும், வெறுங்கையோடு திரும்பினால் தம்மைக் கேள்வி கேட்பார்கள் என்றும் நாச்சியாரிடம் கூறினார். வெறுங்கையோடு திரும்ப வேண்டாம், ஓலையோடு திரும்பலாம் என்று நாச்சியார் விடையளித்தார். அந்த ஓலைதான் இது.

ஆகவே கங்காளராயர் அவர்கள் அறிய வேண்டியது. வெண்குடையைப் பறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் எங்களுக்குப் புதிதன்று. முரசைப் பறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், திரைமுகத்தில் அலை ஓசைக்கு மேல் அந்த முரசு யாருக்கும் கேட்டதில்லை. படையை அனுப்புவதானால் அனுப்புங்கள். உப்பங்கழியில் குதிரை எத்தனை அடி இறங்கும் என்று மழவரையரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இவ்வளவும் கொடுப்பார் நாச்சியார். அந்தக் கையைக் கொடுக்க மாட்டார். குற்றம் செய்த கை ஒன்று வேண்டும் என்பது முறையானால், ஐந்தாவது ஏட்டைப் பேழையிலிருந்து உருவிய கை அவருடையது. ஒன்பது மீன் செத்ததும் அந்தக் கையால்தான். அதை வாங்கிப்போகத் தேவரே நேரில் வரட்டும். அவர் முகத்தைப் பார்த்து நீட்டுவார். வேலைக்காரியின் கையை வெட்டி எசமானியின் கோழைத்தனத்தை மூடுகிற வழக்கம் பொன்மாடபுரத்தில் இருக்கலாம். திரைமுக நாட்டில் இனி இல்லை.

இதைப் படிக்கும்போது கடல்நீர் வண்டிகளை நாச்சியார் நிறுத்திவிடுவார் என்று பேரமைச்சர் எண்ணக்கூடும். தாங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். வண்டிகள் நிற்கமாட்டா. மூன்று நாளைக்கு ஒருமுறை வழக்கம்போல வரும். தடத்தில் இன்னும் முப்பது உயிர் இருக்கிறது. அவை யாருக்கும் கட்டளை எழுதவில்லை.

அன்று எழுத அஞ்சிய ஐந்தாவது ஏடு இப்போது இங்கேயே எழுதப்படுகிறது. எஞ்சியிருக்கும் ஓராக்களுக்குக் கடற்பாசியே உணவு. கல்லோடு படர்ந்த பாசியாக இருந்தால் நாள் முழுதும் கொறிக்கும், அதுவே அவற்றின் இயல்பு. கிடைக்காத நாளில் பச்சைப் பாசியைக் கொத்தாகக் கட்டிக் கல்லில் தொங்கவிட வேண்டும். வண்ணாத்திகளுக்கு வாய் சிறிது. மட்டிச்சதையும் இறாலும் கடுகளவாகக் கொத்தி, அதோடு மீன்சினையும் சிறிது பாசியும் கலந்து இட வேண்டும். கிளாத்திக்கு ஓட்டோடு கூடிய மட்டி, நண்டு. உடைத்துக் கொடுத்து உபகாரம் செய்ய வேண்டாம், உடைப்பது அதன் வேலை. இனிக் கலவா வந்தால் அதற்குக் கணவாயும் இறாலும் கடல்மீன் துண்டும் மாற்றி மாற்றி, நாள்விட்டு நாள். குளத்துக் கெண்டையும் ஆட்டுக் கொழுப்பும் அறவே ஆகாது. கடற்குதிரையை இனி அனுப்புவதாக இல்லை.

எந்த மீனுக்கும் ஒரே இரையை நாள்தோறும் இடலாகாது. கடலில் எந்த மீனும் அப்படித் தின்பதில்லை. எதுவாயினும் அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். நாறியது மனிதனுக்கு ஆகாது என்றால் மீனுக்கும் ஆகாது. நூறு எண்ணி முடிப்பதற்குள் தின்று தீரும் அளவே இட வேண்டும். மீதம் கிடந்தால் அது அரசர் சோறே ஆனாலும் அரித்தெடுத்துவிட வேண்டும். பார்க்க வரும் விருந்தினர் பார்த்துவிட்டுப் போகட்டும். ஊட்ட விரும்பினால் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டட்டும்.

இந்த உணவைச் சமைக்க வேண்டியதில்லை ஆகையால் பெருமடை நாயகத்துக்கு இதில் வேலை ஒன்றும் இல்லை. அவர் மனம் வருந்த வேண்டாம். வண்டிதோறும் மூடிய சாலில் இரை வரும். கூடவே இட்டுக்காட்ட ஆள் இருவர் வருவர். அவர்களைத் தடத்துக்குச் செல்லவிட வேண்டும். அந்த இரையை வாங்கிக் கொட்டிவிட்டு மறுபடியும் அன்னத்தைத் தூவினால் மீன்கள் சாகும். அவை யார் கையால் செத்தன என்று நான்கு துறையிலும் பறையறைந்து சொல்லப்படும். அந்தக் கை யாருடையதாயினும் அதை வெட்டும்படி நாச்சியார் கேட்கமாட்டார்.

கட்டளை. இந்த ஓலையைத் தேவர் கொலுவிருக்கும் அவையில், ஒரு சொல்லும் விடாமல், உரக்கப் படிக்க வேண்டும். பேரமைச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தாலோ, இடையில் சில ஏடுகள் தவறிப்போனாலோ கவலை இல்லை. மழவரையரை அருகில் அமர்த்தி, முதலிலிருந்து முடிவுவரை மூன்று முறை படித்துக் காட்டியிருக்கிறோம். அவருக்கு நினைவாற்றல் மிகுதி என்று அவரே சொன்னார். ஓலையைக் கொண்டுவரும் அவருக்கு எந்த இடையூறும் நேரக்கூடாது.

தேவருக்கு நாச்சியாரின் வணக்கம் என்றும் உண்டு. இளவரசர் நெடுநாள் வாழ்க. தடத்து மீன்களும் வாழ்க. மறுமொழி எழுத நினைத்தால், வேலாச்சியைக் கள்ளி என்று குறிக்காமல் ஆழித்தடத்து மீன்களின் இரைநாயகம் என்று குறித்து எழுதவும். இன்று காலை முதல் அதுவே அவளுக்குத் திரைமுக நாடு அளித்த பட்டம்.

முத்திரை. திரைமுக நாட்டுச் சுறாமுத்திரை சிவப்பு அரக்கில் இடப்பட்டது. எந்நாளும் அதை நாச்சியாரே தம் கையால் இடுவது வழக்கம். இன்று அரக்கு உருகியதும் அவர் முத்திரையை எடுத்து வேலாச்சியிடம் நீட்டினார். அவள் முதலில் தயங்கினாள். பிறகு வாங்கி, ஆழப் பதியும்படி அழுத்தினாள். அழுத்தியது வலக்கை. தாங்கள் கேட்ட கை பொன்மாடபுரத்துக்கு வருவது இந்த அளவுதான்.